மாமர நிழலில் நட்ட செங்காந்தள் பூக்கவில்லை; இப்போது கொடியையும் காணவில்லை

நிழல்தோட்டம், திருச்சிராப்பள்ளி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறத்தில் நன்கு வளர்ந்த மாமரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் பகல் முழுவதும் நிழல்தான். கிழக்குப் பக்கத்தில் மட்டும், கிளைகள் முடியும் இடத்தில், காலை வெயில் ஏறத்தாழ 11 மணி வரை விழுகிறது. சரளை கலந்த செம்மண் என்பதால் மழைநீர் தேங்குவதில்லை. அந்த நிழலில் எல்லா வீடுகளிலும் இருக்கும் குரோட்டன்ஸ் செடிகளை வைத்து நிரப்ப எனக்கு விருப்பமில்லை. பச்சைமலை அடிவாரத்துப் புதர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செங்காந்தள் பூத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நம் மாநில மலரான அதனை வீட்டிலும் வளர்க்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், நர்சரி ஒன்றில் வாங்கிய கிழங்குகளை மரத்தின் அடிப்பகுதிக்கு அருகிலேயே நட்டேன். ஆவணியில் முளைத்து வந்த கொடிகள் மெலிந்து நீண்டு, மாமரத்தின் தண்டைப் பற்ற முடியாமல் தரையில் சாய்ந்தன. இலைகள் ஓரளவு வந்தன. ஆனால் மொட்டு ஒன்றுகூட வரவில்லை. தை மாதத்தில் இலைகள் மஞ்சளாகி, கொடிகள் காய்ந்து, இப்போது பங்குனியில் அந்த இடத்தில் வெறும் மண்தான் இருக்கிறது.

கிழங்குகள் செத்துவிட்டனவா, தோண்டிப் பார்க்கலாமா என்பது முதல் கேள்வி. பூக்காததற்கு நிழல்தான் காரணம் என்றால், காட்டில் மரங்களுக்கிடையே அது எப்படிப் பூக்கிறது என்பது இரண்டாவது. மாமரத்தில் பிஞ்சு பிடித்திருப்பதால் இனி அதற்குத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்க வேண்டும். அது கிழங்குகளுக்கு நல்லதா, கெடுதலா? வீட்டில் ஒரு சிறு குழந்தையும் ஒரு நாயும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இக்கிழங்கு நஞ்சுடையது என்று அம்மா அஞ்சுகிறார்.

கண்வலிக்கிழங்கு உழவர், ஒட்டன்சத்திரம்

வணக்கம் அம்மா. எங்கள் பகுதியில் இதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, விதைக்காக வயலில் பயிரிடுகிறோம். மூலனூர், தாராபுரம் பக்கமும் இப்பயிர் உண்டு. ஆகவே பயிர் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் கிழங்குகள் சாகவில்லை என்றே நினைக்கிறேன். தை மாதத்தில் இலை மஞ்சளாகிக் கொடி காய்வது இச்செடியின் இயல்பு. மழைக்காலத்தில் இலைகள் செய்த உணவையெல்லாம் கீழே இறக்கி ஒரு புதுக் கிழங்கை உண்டாக்கிவிட்டுத்தான் கொடி காய்கிறது. நீங்கள் நட்ட பழைய கிழங்கு அதற்குள் சுருங்கிச் சக்கையாகியிருக்கும். அதாவது மண்ணுக்குள் இப்போது இருப்பது நீங்கள் வாங்கி நட்ட கிழங்கு அல்ல, உங்கள் தோட்டத்திலேயே விளைந்த கிழங்கு. அடுத்த மழைக்காலத்தில் முளைக்கும் கொடி எவ்வளவு வலுவாக வரும், பூக்குமா பூக்காதா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் புதுக் கிழங்கின் பருமனைப் பொறுத்தது. வயலில் நாங்கள் 50 கிராமுக்குக் குறையாத கிழங்குகளையே தேர்ந்து நடுகிறோம்; சிறு கிழங்கு முளைக்கும், ஆனால் அந்த ஆண்டு பூக்காமல் இலையோடு நின்றுவிடும். அடர்ந்த நிழலில் இலைக்கு வெளிச்சம் போதாதபோது ஆண்டுக்கு ஆண்டு கிழங்கு சிறுத்துக்கொண்டே போகும். எனவே சென்ற ஆண்டு பூக்காததற்கு, வாங்கிய கிழங்கு சிறியதாக இருந்தது, நிழல் மிகுந்தது, கொடி ஏற முடியாமல் தரையில் கிடந்தது ஆகிய மூன்றுமே காரணமாக இருந்திருக்கலாம்.

கோடையில் தண்ணீர் என்பதுதான் நீங்கள் கேட்டவற்றில் மிக முக்கியமானது. உறங்கும் கிழங்குக்குப் பங்குனி முதல் வைகாசி வரை ஈரம் ஆகாது. அவ்வப்போது பெய்யும் கோடை மழையைத் தாங்கிக்கொள்ளும்; நாள்தோறும் பாயும் தண்ணீரைத் தாங்காது, அழுகிப்போகும். பொதுவாக உறங்கும் கிழங்கைக் கிளறக் கூடாது என்றே நான் சொல்வேன். ஆனால் உங்கள் கிழங்குகள் மாமரத்தின் பாத்திக்குள்ளேயே இருப்பதால், தண்ணீர் பாய்ச்சத் தொடங்குவதற்கு முன் அவற்றைத் தோண்டி எடுத்துவிடுவதே நல்லது.

தோண்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும். கிழங்கு இரண்டு கைகளாகப் பிரிந்து, கலப்பையைப் போல வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்று அதற்குப் பெயர் வந்ததும் அதனால்தான். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை பிறகு முளைக்காது. ஆகவே கொடி இருந்த இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்ணோடு பெயர்த்து, பிறகு கையால் மண்ணை உதிர்த்து எடுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், கிழங்கின் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் உண்டாக்கும். எடுத்தவற்றைக் கழுவாமல், நிழலில் ஓரிரு நாள் ஆறவிட்டு, உலர்ந்த மணலுக்குள் புதைத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகிவிடும்.

ஆனி பிற்பகுதியிலோ ஆடியிலோ கண் சற்றே புடைத்து வெளுத்துத் தெரியும்போது மீண்டும் நடலாம். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து, கண் உள்ள நுனியில் அழுத்தம் படாமல் மூடுங்கள். குழியில் மக்கிய எருவும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். புதுச் சாணம் வேண்டாம். இன்னொன்று: இதன் இலை நுனிதான் சுருண்டு பற்றிக்கொள்ளும் உறுப்பு. மரத்தின் தண்டை அதனால் சுற்ற முடியாது, விரலைவிட மெல்லிய குச்சியைத்தான் பிடிக்கும். வயல்களில் காய்ந்த விராலிக் கிளைகளையோ கிளுவையையோ ஊன்றி, அதன் மேல் ஏற்றிவிடுவது வழக்கம். முளை வெளிவந்த பிறகு குச்சி ஊன்றினால் கிழங்கில் குத்திவிடும் என்பதால், நடும்போதே ஊன்றிவிடுங்கள்.

கோயிற்காடு, புதுச்சேரி

ஒட்டன்சத்திரத்து ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நிழல் பற்றிய இரண்டாவது கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் காட்டுச் செடி என்றால் நிழற்செடி என்று பொருள் கொள்வதால்தான் பலருடைய தோட்டங்களில் காந்தள் தோற்றுப்போகிறது.

புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் பகுதிகளில் வீரை, காயா போன்ற மரங்கள் செறிந்த உலர் பசுமைமாறாக் காடுகளின் எச்சங்கள் கோயிற்காடுகளாகத் தப்பியிருக்கின்றன. கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அவற்றுள் பலரும் அறிந்தது. இத்தகைய காட்டுக்குள் நுழைந்து, மரங்கள் கவிந்து இருண்ட நடுப்பகுதியில் செங்காந்தளைத் தேடினால் கிடைக்காது. காட்டின் ஓரத்தில், ஒற்றையடிப் பாதையின் இருமருங்கிலும், மரம் விழுந்து வானம் திறந்த இடங்களில், முட்புதர்களின் மேல்தான் அது பூத்திருக்கும். கிழங்கும் தண்டின் அடிப்பகுதியும் புதரின் நிழலில், சருகின் அடியில் குளிர்ந்திருக்கின்றன. கொடியோ அந்தப் புதரையே ஏணியாக்கி மேலே ஏறி, வெளிச்சத்தை எட்டிய பிறகுதான் மொட்டு விடுகிறது. பச்சைமலை அடிவாரத்தில் நீங்கள் கண்டதும் புதர்களில் என்றே எழுதியிருக்கிறீர்கள்; அதே அமைப்பைத்தான் உங்கள் தோட்டத்திலும் உண்டாக்க வேண்டும்.

உங்கள் விவரிப்பின்படி, காலை வெயில் விழும் கிழக்கு ஓரம் மிகப் பொருத்தமான இடம். காலையில் மூன்று நான்கு மணி நேர வெயிலும், பிற்பகலின் கடுமையான வெப்பத்திலிருந்து மரத்தின் பாதுகாப்பும் சேர்ந்து கிடைப்பது எளிதல்ல. அந்தப் பக்கத்துத் தாழ்ந்த கிளைகளில் ஒன்றிரண்டை, அறுவடை முடிந்த கையோடு வெட்டிவிட்டால் வெளிச்சம் இன்னும் கூடும். காய்ப்பு ஓய்ந்தபின் கவாத்து செய்வது மாமரத்துக்கும் நல்லதே.

ஆனால் ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாமரத்தின் நீருறிஞ்சும் வேர்கள் அடிமரத்தருகே இருப்பதைவிடக் கிளைகள் முடியும் வட்டத்தில்தான் மிகுதி. அதனால் முறையாகத் தண்ணீர் பாய்ச்சுபவர்கள் அந்த வட்டத்தில்தான் பாய்ச்சுவார்கள். நீங்கள் கிழங்கு நட வேண்டிய இடமும் அதே வட்டத்தில் வருகிறது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, கிழக்குப் பக்கத்தை விட்டுவிட்டு ஏனைய மூன்று பக்கங்களில் மட்டும் பாத்தி அமைத்து மரத்துக்குத் தண்ணீர் கொடுப்பது; கிழக்கில், கருங்கல் அடுக்கி, ஓர் அடி உயரத்துக்குச் செம்மண்ணும் மணலும் இலைமக்கும் கலந்து மேடு எழுப்பி, அதில் கிழங்குகளை நடுவது. வளர்ந்த மரம் மூன்று பக்க நீரிலேயே காய்களைத் தாங்கிவிடும். மேட்டில் நட்ட கிழங்குகளை ஆண்டுதோறும் தோண்ட வேண்டிய தேவையும் இராது. மாவிலைச் சருகுகளைப் பெருக்கி எரிக்காமல் மேட்டின் மேல் பரப்பிவிடுங்கள். காட்டில் கிழங்கைக் காப்பதும் சருகுதான்.

மரத்தடியின் அடர்ந்த நிழலை வெறுமையாக விட வேண்டியதில்லை. அங்கே காந்தளைக் கட்டாயப்படுத்தி வளர்ப்பதைவிட, உண்மையிலேயே நிழலுக்குரிய நம் காட்டுச் செடிகளை வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது நீலாம்பரி. பசுமையும் நீலமும் கலந்த, வேறு எந்தப் பூவிலும் எளிதில் காண முடியாத நிறம் அதற்கு உண்டு. இங்குள்ள கோயிற்காடுகளில் மரநிழலில் தானாகவே வளர்கிறது. மழைக்காலத்தில் குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். கனகாம்பரத்தைப் பூக்கடைப் பூவாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அதுவும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடிதான், அரைநிழலில் செழிக்கும், காய்ந்த காயில் ஈரம் பட்டதும் வெடித்து விதை தெறித்துத் தானாகப் பரவும். முன்வரிசையில் நிலப்பனை வைக்கலாம். பனங்கன்று போன்ற இலைகளுக்கு நடுவே, தரையை ஒட்டியே, விண்மீன் வடிவில் மஞ்சள் பூக்கள் மலரும்; காந்தளைப் போலவே அதுவும் மழையில் எழுந்து கோடையில் மறையும்.

எந்தச் செடியானாலும் காட்டிலிருந்து தோண்டி வர வேண்டாம் என்று இதைப் படிக்கும் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். காப்புக்காட்டில் அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். மருந்துத் தேவைக்காகப் பல ஆண்டுகள் கிழங்கும் விதையும் சேகரிக்கப்பட்டு, காட்டுக் காந்தள் பல இடங்களில் அருகிவிட்டது என்பது அதைவிட வருத்தமானது. இவ்வளவு பரவலாகப் பயிரிடப்படும் ஒரு செடிக்கு, வயலில் விளைந்த கிழங்கையே விலை கொடுத்து வாங்கலாம்.

வேலியோரம், யாழ்ப்பாணம்

சகோதரிக்கு வணக்கம். எங்கள் ஊரில் கார்த்திகைப்பூ என்று சொல்லப்படும் இது, கிளுவை வேலிகளிலும் பற்றைகளிலும் மாரிமழையோடு தானாகவே எழுந்து வரும். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால் தண்ணீர் உடனே வடிந்துவிடுகிறது. கோடையில் வேலியடிக்கு ஒருவரும் தண்ணீர் வார்ப்பதில்லை. அதனாலேயே எவருடைய பராமரிப்பும் இன்றி ஆண்டாண்டாக அங்கே பூக்கிறது என்பது என் எண்ணம். மேலே இருவரும் சொன்னதற்கு எங்கள் வேலிகளே சான்று.

உங்கள் அம்மாவின் அச்சம் நியாயமானது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். இலங்கையில் தாவர நஞ்சினால் நேர்ந்த இறப்புகளைப் பற்றிய மருத்துவப் பதிவுகளில் இக்கிழங்குக்கு நீண்டகாலமாக இடம் உண்டு. செடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. கீல்வாத மருந்தாக மிகச் சிறிய அளவில் பயன்படும் அதே பொருள்தான், கிழங்கைத் தின்றவரின் உயிரைப் பறிக்கிறது. உண்ணும் கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்துத் தின்றவர்களும் உண்டு. ஆகவே சர்க்கரைவள்ளி, சேனை, இஞ்சி, மஞ்சள் ஆகியவை வளரும் இடத்தின் அருகே இதனை ஒருபோதும் நடாதீர்கள். மணலில் புதைத்து வைக்கும் கிழங்குகளையும் சமையலறைக்கோ வெங்காயக் கூடைக்கோ அருகில் வைக்காமல், பூட்டிய அறையில், நஞ்சு என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

தவறுதலாக எவரேனும் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் சில மணி நேரத்தில் வாயிலும் தொண்டையிலும் எரிச்சலும், வாந்தியும், கடுமையான வயிற்றுப்போக்கும் தொடங்கும்; அதன்பின் சற்றுத் தணிந்ததுபோலத் தோன்றினாலும், அடுத்தடுத்த நாள்களில்தான் சிறுநீரகமும் எலும்பு மச்சையும் பாதிக்கப்படும். இதற்கென்று வழக்கமான சிகிச்சையில் தனி முறிமருந்து கிடையாது என்பதால், விரைந்து மருத்துவமனை சேர்வது ஒன்றே வழி. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம். தின்ற கிழங்கின் மிச்சத்தையோ கொடியின் ஒரு துண்டையோ கையோடு கொண்டுசென்றால் மருத்துவர் உடனே அடையாளம் காண்பார். மண் கிளறும் பழக்கமுள்ள நாயாக இருந்தால், அந்த மேட்டைச் சுற்றிக் கம்பிவலை அடிக்காமல் நடவே கூடாது. நாய்க்கும் இது கொடிய நஞ்சு.

குழந்தை தானாகக் கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போகும் வயது என்றால், ஓரிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து நடுவதையும் எண்ணிப் பாருங்கள். நீலாம்பரியை இந்த ஆண்டே வைக்கலாம்.

நிழல்தோட்டம், திருச்சிராப்பள்ளி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை கையுறை அணிந்து, ஐயா சொன்னவாறே ஓர் அடி தள்ளித் தோண்டினேன். கிழங்குகள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் விரல் பருமன்கூட இல்லை. நடும்போது இருந்ததைவிடச் சிறுத்துவிட்டன. அவற்றை மணலில் புதைத்து, மாடியறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். கிழக்கு மேட்டைச் சுற்றிக் கம்பிவலையும் சிறு கதவும் அமைக்க முடிவு செய்திருக்கிறோம், அதன்பிறகே நடுவேன்.

இவ்வளவு சிறிய கிழங்குகள் இந்த ஆண்டு பூக்குமா? விதையிலிருந்து வளர்த்தால் விரைவாக வருமா? பூத்தால் காய் பிடிக்க விடலாமா, விடக் கூடாதா? சென்ற ஆண்டு இலைகளைக் கறுப்பு நிறப் புழுக்கள் தின்றன என்பதையும் முன்பு எழுத விட்டுப்போயிற்று.

கண்வலிக்கிழங்கு உழவர், ஒட்டன்சத்திரம்

விரல் பருமன் இல்லாத கிழங்கு இந்த ஆண்டு பூப்பது அரிது அம்மா. ஆனால் காலை வெயிலும் ஏறுவதற்குக் குச்சியும் கிடைத்தால், தை மாதத்துக்குள் அதைவிடப் பெரிய கிழங்கை உண்டாக்கிக்கொள்ளும். இந்த ஆண்டு இலைகளைக் காப்பாற்றுவதே உங்கள் வேலை. பூவை அடுத்த ஆண்டு எதிர்பாருங்கள். விதை அதைவிடத் தாமதம். முளைக்கவே மாதங்கள் ஆகும், பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும்.

காயைப் பொறுத்தவரை, வீட்டில் குழந்தை இருப்பதால் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். முற்றிய காய் வெடிக்கும்போது உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் விதைகள் வரிசையாகத் தெரியும். சிறுவர் கண்ணைக் கவரும் நிறம் அது. எங்கள் வயல்களில் காலை நேரத்தில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் சேர்க்கிறோம், ஏனெனில் இப்பூவின் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, தன் மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்கிறது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வராவிட்டால் காய் பிடிப்பது குறைவு. உங்களுக்கு அந்த வேலை இல்லை. காய்க்குப் போக வேண்டிய உணவும் கிழங்குக்கே சேரும்.

புழு என்றது கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் செம்மஞ்சள் புள்ளிகளும் கொண்டதாக இருந்தால், அது காந்தள் இனத்தையும் லில்லிகளையும் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. கூட்டமாக வந்து சில நாள்களில் கொடியை மொட்டையடித்துவிடும். நாலைந்து கொடிகளுக்கு மருந்து அடிக்க வேண்டியதில்லை. காலையும் மாலையும் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, முட்டைக் குவியலையும் புழுக்களையும் கையுறையோடு எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். பக்கத்தில் தொட்டிகளில் லில்லி வைத்திருந்தால் அவற்றையும் பாருங்கள், புழு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.